தம்பியை அடமானம் வைக்கிற மாதிரியா?

கேள்வி: சேர், எங்கள் வீடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா கவ்வாத்து வெட்டப் போகிறார், அம்மா கொழுந்துக்குப் போகிறார். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். தம்பிக்கு 17 வயது, வருகிற சித்திரையில் 18 ஆகிறது. சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கழகத்தில் உதைபந்து விளையாடுகிறான். இடது கால்காரன், ஓட்டம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இப்போது கழகம் ஐந்து வருட ஒப்பந்தம் தருகிறதாம். முதல் வருடம் வேறொரு கழகத்துக்கு லோன் கொடுப்பார்களாம், தைமாதம் மாலைதீவுக்கும் அனுப்பலாமாம். இரண்டு கழகத்துக்கும் தம்பி பாதிப் பாதி என்கிறார்கள். அவனை முதலில் கொழும்புக்குக் கூட்டிப்போனவர் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர். சப்பாத்து, பஸ் காசு, தங்குமிடம் எல்லாம் அவர்தான் பார்த்தார். அவர் ஒரு பேப்பர் கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்கு மூன்று இலட்சம் தருவார். தம்பியை எந்தக் கழகம் எப்போது வாங்கினாலும் அந்த விலையில் 30 வீதம் அவருக்கு. தம்பியின் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. அம்மாவின் நகை அடகில் கிடக்கிறது, அதனால் அப்பா கையெழுத்துப் போடலாம் என்கிறார். அடுத்த மாதச் சம்பளம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஜேபி (சமாதான நீதவான்) ஐயாவையும் கூட்டிக்கொண்டு வருவாராம். லோன் என்றால் தம்பியை அடமானம் வைக்கிற மாதிரியா சேர்?

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். லோனுக்குப் போவது அடமானம் ஆகாது. அந்த அண்ணன் கொண்டுவந்த பேப்பர்தான் அடமானம். லோனுக்குச் சரி சொல்லலாம், எல்லாம் எழுத்தில் வந்தால். அந்தப் பேப்பரில் அப்பா எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடக் கூடாது. மேலே வாசிப்பதற்கு முன் இந்த வரியை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.

கழகம் ஒரு பையனை வாங்கியது, விற்றது என்று நாமெல்லாம் சொல்கிறோம். பத்திரிகையும் அப்படித்தான் எழுதுகிறது. உண்மையில் கழகத்தின் கையில் இருப்பது இரண்டு கடதாசி. ஒன்று, பையனோடு அது செய்த வேலை ஒப்பந்தம். மற்றது, இந்தக் கழகத்துக்காக இவன் விளையாடுகிறான் என்று நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் இருக்கும் பதிவு. ஒப்பந்தம் முடிய முன்னமே பையனை வேறு கழகம் கேட்டால், ‘எங்கள் ஒப்பந்தத்தை இடையில் விடுகிறோம், அதற்கு இவ்வளவு தா’ என்று முதல் கழகம் கேட்கும் ஈடுதான் நாம் விலை என்று சொல்வது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனால் அந்த விலையும் இல்லை. கழகங்கள் நீண்ட ஒப்பந்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான். வருடம் கூடக் கூட அவர்கள் கையில் இருக்கும் கடதாசிக்கு மதிப்புக் கூடும்.

உங்கள் தம்பிக்கு ஐந்து வருடம் என்பது இப்போது பொருந்தாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் தெளிவாக இருக்கிறது: 18 நிரம்பாத வீரர் மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய முடியாது, அதற்கு மேற்பட்ட காலம் எழுதப்பட்டிருந்தாலும் கணக்கில் எடுக்கப்படாது. 18 நிரம்பினால் ஐந்து வருடம் வரை போகலாம். சித்திரைக்கு முன் அவசரப்படுத்தினால் மூன்று வருடத்துக்கு மேல் போக முடியாது என்று சொல்லுங்கள். சித்திரைக்குப் பிறகென்றாலும் நான் இரண்டு, மிஞ்சினால் மூன்று என்றுதான் கேட்பேன். 17 வயதில் கிடைக்கும் சம்பளத்துக்கு 22 வயது வரை ஒரு பையனைக் கட்டிப்போடுவது அவனுக்கு நல்லதல்ல.

மாலைதீவுப் பேச்சும் அப்படித்தான். 18 நிரம்பும் முன் ஒரு வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா தடுத்திருக்கிறது. பெற்றோர் பந்து தவிர்ந்த வேறு காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறுவது போன்ற சில விலக்குகள் உண்டு, அவை உங்களுக்குப் பொருந்தா. லோன் என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் இதே விதிதான். ஆகவே தைமாதம் மாலைதீவு என்று யாராவது சொன்னால், அவருக்கு விதி தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார்.

இனி லோனுக்கு வருகிறேன். தோட்டத்தில் லோன் என்றால் வங்கியும் வட்டியும்தான் நினைவுக்கு வரும், அதனால்தான் உங்களுக்கு அடமானம் என்று பட்டிருக்கிறது. இதை இரவல் என்று நினைத்துப் பாருங்கள். முதல் கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கும்போதே பதிவு கொஞ்சக் காலத்துக்கு இரண்டாவது கழகத்துக்குப் போகிறது, காலம் முடிய திரும்பி வருகிறது. பெரிய கழகத்தில் 17 வயதுப் பையனுக்கு ஆட இடம் கிடைக்காது, வாங்கில் குந்திக்கொண்டிருப்பான். சின்னக் கழகத்தில் வாரா வாரம் ஆடுவான். ஹரி கேன் இங்கிலாந்து அணிக்கும் டொட்டன்ஹாம் கழகத்துக்கும் அதிக கோல் அடித்தவர். அவரை டொட்டன்ஹாம் முதன்முதலில் இரவல் கொடுத்தது 2011 ஜனவரியில், லெய்டன் ஓரியன்ட் என்ற மூன்றாம் நிலைக் கழகத்துக்கு. அப்போது அவருக்கும் 17 வயதுதான். பிறகு மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று மூன்று இடம். அந்த அலைச்சலில் அவருக்கு உடம்பும் தேறியது, பெரிய ஆட்களோடு முட்டி மோதவும் பழகினார்.

லூக்காஸ் பியாசோன் என்ற பிரேசில் பையன் கதை வேறு. 2012இல் இங்கிலாந்தின் செல்சிக் கழகத்துக்கு வந்தார், 2021 வரை அந்தக் கழகத்தின் ஆள். அந்த ஒன்பது வருடத்தில் செல்சிக்காக ஆடியது மூன்றே ஆட்டம். மீதிக் காலமெல்லாம் ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்திலேயே இரண்டு கழகம், இத்தாலி, போர்த்துகல் என்று இரவலிலேயே கழிந்தது. செல்சி ஒரு காலத்தில் 40 பேருக்கு மேல் இப்படி வெளியே விட்டிருந்தது. குறைந்த விலையில் இளம் பிள்ளைகளைச் சேர்த்து, மற்றவன் மைதானத்தில் பழுக்க விட்டு, ஒருவன் இருவன் தேறினால் வைத்துக்கொள்வது, மற்றவர்களை இலாபத்துக்கு விற்பது என்பதுதான் கணக்கு. மேசன் மவுண்ட் போன்றவர்கள் அதே வழியில் போய் மேலே வந்ததும் உண்மை. அனுப்பும் கழகத்துக்கு உங்கள் தம்பி தேவைப்படுகிறானா, அவனுடைய கடதாசி மட்டும் தேவைப்படுகிறதா என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எளிய கேள்வி இருக்கிறது: ‘அங்கே இவனுடைய இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்?’ திட்டத்தோடு அனுப்புகிற பயிற்றுநர் உடனே பதில் சொல்வார். ‘போய்ப் பார்க்கட்டுமே’ என்று இழுத்தால் யோசியுங்கள்.

இந்தக் குவிப்பைக் கண்டுதான் ஃபிஃபா 2022 ஜூலையில் இரவலுக்குப் புது விதி கொண்டுவந்தது. ஒரு இரவல் ஒரு வருடத்துக்கு மேல் போகாது. இரவல் வாங்கிய கழகம் அவனை இன்னொரு கழகத்துக்கு மறு இரவல் கொடுக்க முடியாது. நாடு விட்டு நாடு இரவல் கொடுப்பதற்கும் எண்ணிக்கை வரம்பு வந்தது, முதலில் எட்டு, 2024இலிருந்து ஆறு. ஆனால் 21 வயது வரையான பிள்ளைகளும் கழகம் தானே வளர்த்த பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். இளம் பையன்கள் ஆடட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விலக்குத்தான் அது. ஆனால் உங்கள் தம்பி வயதுக்காரர்களுக்கு அந்த வரம்பு காவல் இல்லை. அவர்களுக்குக் காவல் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே.

எழுதியிருப்பது என்று நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் லிந்துலைப் பக்கத்துப் பையன் ஒருவன் என் கந்தோருக்கு வந்தான். தமையனின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஒற்றைக் காலால் ஏறினான். முழங்காலுக்குள் நார் அறுந்திருந்தது. ஒரு கழகம் அவனை இன்னொன்றுக்கு லோன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது, அங்கே நாலாவது ஆட்டத்தில் விழுந்திருக்கிறான். ‘என்ன எழுத்து இருக்கிறது தம்பி?’ என்று கேட்டேன். போனை எடுத்து நீட்டினான். ஒரு வட்ஸ்அப் செய்தி: ‘இப்போதைக்கு அங்க போய் விளையாடு, சீசன் முடிய வா.’ அவ்வளவுதான். இரண்டு கழகத்துக்கும் நான் கடிதம் போட்டேன். முதல் கழகம், அவன் அந்த நேரம் எங்களிடம் இல்லை என்றது. இரண்டாவது கழகம், அவன் எங்கள் பையனே இல்லை என்றது. அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி கிடைக்கும் வரை அவன் அம்மா தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து மருந்து வாங்கினார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கால் முன்னைப்போல வரவில்லை. இன்று தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறான். வழியில் கண்டால் நிறுத்தி ஏற்றிக்கொள்வான், காசு வாங்கமாட்டான். எனக்கு அந்த ஆட்டோவில் ஏறவே மனம் வருவதில்லை.

விதியின்படி பார்த்தாலும் அவனுக்கு நடந்தது இரவலே அல்ல. இரவல் என்பது தொழில்முறை வீரருக்கு மட்டும் உள்ளது. எழுத்தில் ஒப்பந்தமும், செலவுக்காசுக்கு மேல் சம்பளமும் உள்ளவர்தான் தொழில்முறை வீரர். இவை இரண்டும் இல்லாத பையனை இரவல் கொடுக்கக் கழகத்திடம் எதுவும் இல்லை. சரியான இரவலுக்கு இரண்டு கழகமும் பையனும் சம்மதித்து எழுதிய ஒப்பந்தம் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கழகக்காரர் சொல்லமாட்டார்கள்: வேறுவிதமாக எழுதாவிட்டால், இரவல் காலத்தில் முதல் கழகத்துக்கும் பையனுக்கும் இடையிலான கடமைகள் நிறுத்தி வைக்கப்படும். அதாவது முதல் கழகம் சம்பளம் தரவேண்டியதில்லை. இரண்டாவது கழகம் தராமல் விட்டால் பையன் நடுத்தெருவில். அதனால் ‘இரண்டாவது கழகம் தவறினால் முதல் கழகம் கொடுக்கும்’ என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். காயம் பட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் செலவு, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, காப்புறுதி யார் பெயரில் என்பதும் எழுத்தில் வர வேண்டும். இரவல் இடையில் முறிந்தால் முதல் கழகம் பையனை உடனே திரும்ப எடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது, அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று, நம் நாட்டுக்கே உரியது. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது, அந்தத் தடை ஆகஸ்டில்தான் நீங்கியது. இங்கே பந்து சில மாதங்கள் நின்றுபோவது நடக்கக்கூடியது. போட்டி இல்லாத மாதத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குக் கழகம் காசு கட்டுமா என்றும் கேளுங்கள். கழகக்காரர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அப்பாவும் அம்மாவும் மாதா மாதம் சேமலாப நிதிக்குக் கழிபட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது.

பாதிப் பாதி என்பது என்ன என்று இனிச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வீரர் ஒரு கழகத்தில்தான் பதிவாகலாம். பதிவைப் பிளக்க முடியாது, அதனால் உங்கள் தம்பி ஒருபோதும் இரண்டு கழகத்தின் ஆளாக இருக்க முடியாது. நாளைக்கு விலை வந்தால் காசை இப்படிப் பிரிப்போம் என்று கழகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் பாதிப் பாதி.

இத்தாலியில் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். ஒரு கழகம் தன் இளம் வீரரின் பாதி உரிமையை இன்னொரு கழகத்துக்கு விற்கும், பையன் ஏதாவது ஒன்றில் ஆடுவான். ஆனி மாத முடிவில் இரண்டு கழகமும் உட்கார்ந்து, யார் மற்றப் பாதியை வாங்குவது என்று பேசும். பேசித் தீராவிட்டால் ஆளுக்கொரு தாளில் தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். உறை திறக்கப்படும், கூடிய தொகை எழுதியவருக்குப் பையன். அடுத்த வருடம் எந்த ஊரில் வீடு பிடிப்பது என்பது அந்த உறைக்குள் இருக்கும். செபஸ்தியான் ஜோவின்கோ ஜுவென்டஸ் வளர்த்த பிள்ளை. 2011இல் அவருடைய பாதியை பார்மாவுக்கு 30 இலட்சம் யூரோவுக்குக் கொடுத்தார்கள். அவர் அங்கே போய் நன்றாக ஆடினார். 2012இல் அதே பாதியைத் திரும்ப வாங்க ஜுவென்டஸ் கொடுத்தது 110 இலட்சம். அந்த ஒரு வருடத்து உழைப்பு ஜோவின்கோவின் காலுடையது, 80 இலட்சம் இலாபம் பார்மாவுடையது. 2014இல் இத்தாலிச் சம்மேளனம் இந்த முறையை நிறுத்தியது, இருந்த பங்குகளையெல்லாம் 2015க்குள் தீர்க்கச் சொன்னது.

இன்று கழகங்கள் அதே பலனை வேறு வழியில் எடுக்கின்றன. விற்கும்போது, ‘நீ அடுத்தவனுக்கு விற்றால் இத்தனை வீதம் எனக்கு’ என்று எழுதுவார்கள். அல்லது ‘இந்த விலைக்கு நானே திரும்ப வாங்குவேன்’ என்று வைப்பார்கள். ரியல் மட்ரிட் கார்வஹாலை 2012இல் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு 50 இலட்சம் யூரோவுக்கு விற்று, அடுத்த வருடமே 65 இலட்சத்துக்குத் திரும்ப எடுத்தது. பையன் பதிவாகி ஆடிய முன்னைய கழகங்கள் இப்படி வீதம் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. ஆகவே உங்கள் தம்பியின் இரண்டு கழகங்களும் ஏதோ ஒரு பாதியைப் பேசியிருந்தால் அதற்காக நான் பயப்படமாட்டேன். பேசியது என்ன என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், போதும்.

அந்த அண்ணனின் 30 வீதம் இந்த வகையில் வராது. அவர் கழகமும் இல்லை, வீரரும் இல்லை. ஃபிஃபாவின் பேச்சில் மூன்றாம் தரப்பு. எதிர்கால விலையில் மூன்றாம் தரப்புக்குப் பங்கு கொடுப்பதை 2015 மே 1ஆம் திகதியிலிருந்து உலகம் முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள். உள்நாட்டு இடமாற்றத்துக்கும் அது பொருந்தும். கையெழுத்துப் போடுகிற கழகமும் வீரரும் தண்டனைக்கு ஆளாவார்கள். அவர் நாளைக்கு முகவர் உரிமம் எடுத்தாலும் விலையில் பங்கு கேட்க முடியாது. முகவருக்குச் செய்த வேலைக்குக் கூலிதான் உண்டு.

இந்தத் தடை சும்மா வரவில்லை. 2006இல் ஆர்ஜென்டீனாவின் கார்லோஸ் டெவேஸ், ஹவியர் மஸ்கெரானோ இருவரும் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாமுக்கு வந்தார்கள். அவர்களுடைய உரிமை வெளியே இருந்த முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது, கழகம் அதை முழுமையாகச் சொல்லவில்லை. 2007இல் வெஸ்ட் ஹாமுக்கு 55 இலட்சம் பவுண் தண்டம் விழுந்தது. அந்தப் பருவத்தின் கடைசி நாள் டெவேஸ் மன்செஸ்டர் யுனைட்டட்டின் மைதானத்தில் கோல் அடித்து வெஸ்ட் ஹாமைக் காப்பாற்றினார், ஷெஃபீல்ட் யுனைட்டட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. பங்கு வைத்திருப்பவருக்குப் பையன் விற்கப்பட்டால்தான் காசு. அவன் ஒரே இடத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே அவர் பையனை மாறச் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பங்கில் உள்ள கெடுதல் இதுதான்.

இதை நம் மலைநாட்டு ஆட்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆள் மாற ‘துண்டு’ வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு. புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்க்கக் கங்காணியிடம் காசு கொடுக்கும். ஆள் மாற மாறக் கடன் ஏறும், அது தொழிலாளியின் தலையிலேயே கிடக்கும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து மஸ்கெலியாவில் ஒரு வீட்டு மேசைக்கு அதே மாதிரி ஒரு சீட்டு வருகிறது என்று உங்கள் கடிதத்தில் வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஆனால் அந்த அண்ணனைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துப் பையனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டவர். அவர் இல்லாவிட்டால் இந்த ஒப்பந்தமே வந்திருக்காது. அவர் செலவழித்ததைக் கணக்குப் பார்த்து, ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு, தவணையில் கொடுங்கள். அதைக் கைமாற்றாக எழுதுங்கள், இவ்வளவு வாங்கினோம், இத்தனை மாதத்தில் தருகிறோம் என்று. அந்தக் கடன் அப்பாவின் பெயரில் நிற்கட்டும், தம்பியின் பந்தோடு சேரவே வேண்டாம். ஜேபி ஐயா வருவதைப் பற்றிப் பயமும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். அவர் முத்திரை குத்துவது கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்கு. உள்ளே எழுதியது சரி என்று அவர் சொல்வதாக ஆகாது.

அப்பாவுக்குக் காசு வேண்டியிருக்கிறது, அது எனக்கு விளங்குகிறது. காசு வரக்கூடிய நேர்மையான வழி இரண்டு சொல்கிறேன். முதலாவது, பங்குத் தடையில் வீரர் மூன்றாம் தரப்பு அல்ல என்று 2019இல் தெளிவாக்கியிருக்கிறார்கள். அதாவது தன்னுடைய விலையில் தனக்கே ஒரு வீதம் என்று உங்கள் தம்பி கழகத்திடம் கேட்கலாம். 30 வீதம் தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்தோ பத்தோ கேட்டுப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு முற்பணம் கேளுங்கள், அம்மாவின் நகையை மீட்க அது போதும்.

இரண்டாவது உங்கள் வீட்டுக்கு வராது, உங்கள் தோட்டத்துக்கு வரும். ஒரு வீரரை ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விலைக்கு மாற்றினால், அந்த விலையில் 5 வீதத்தைக் கழித்து, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனைப் பழக்கிய கழகங்களுக்குப் பகிர வேண்டும் என்று விதி இருக்கிறது. 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் விலையில் கால் வீதம், 16இலிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும் அரை வீதம். ஒரு இலட்சம் டொலருக்கு உங்கள் தம்பி போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12இலிருந்து 15 வரை நாலு வருடம் அவனைப் பழக்கிய கழகத்துக்கு 1000 டொலர் சேரும். டொலர் 300 ரூபாய் என்று பார்த்தால் மூன்று இலட்சம். அந்த அண்ணன் நீட்டுகிற அதே தொகை, யாருடைய கழுத்தும் அடகில் இல்லாமல். இரவலுக்குக் கட்டணம் வாங்கினாலும் இந்த வீதம் பொருந்தும். 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபா இதற்காகவே பாரிஸில் ஒரு தீர்வகம் வைத்து, வீரரின் பதிவு வரலாற்றைப் பார்த்துக் காசை அனுப்புகிறது.

ஆனால் பதிவு வரலாறு இருந்தால்தான். நம் பக்கத்தில் இதுதான் பெரிய ஓட்டை. ஞாயிறு பின்னேரம் ஸ்டோர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிற ஆள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார், தன் சம்பளத்தில் பந்து வாங்குகிறார். அந்தக் கழகம் லீக்கில் சேர்ந்திருக்காது, சேர்ந்திருந்தாலும் பிள்ளையின் பெயரைப் பதிந்திருக்காது. பாடசாலையில் ஆடியது கழகக் கணக்கில் வராது. உங்கள் தம்பி 12 வயதிலிருந்து எந்தக் கழகத்தில் ஆடினான், அது அந்தப் பகுதி லீக்கில் பதிந்ததா, அவன் பெயர் எந்த வருடம் எழுதப்பட்டது என்று அந்தப் பயிற்றுநரிடம் கேட்டு, இருக்கிற பதிவுக் கடதாசியைப் போட்டோ பிடித்து வையுங்கள். தம்பிக்குக் கீழே ஆடுகிற சின்னவர்களின் பெயரை இந்த வருடமே பதியச் சொல்லுங்கள். கொப்பியில் எழுதிய பெயர்ப் பட்டியல் போதாது, லீக்கில் ஏற வேண்டும்.

ஒப்பந்தம் எந்த மொழியில் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் தமிழில் பெயர்த்துக் கேளுங்கள், அது வரும் வரை காத்திருக்கலாம் என்று சொல்லுங்கள். 18 நிரம்பாத பிள்ளை தனியே இடும் கையெழுத்தில் கழகமும் நம்பியிருக்க முடியாது, அதற்கு அப்பாவோ அம்மாவோ வேண்டும். ஆகவே அவர்கள் உங்களிடம் வந்தே ஆக வேண்டும். இந்த நேரத்தில் கெஞ்ச வேண்டியவர்கள் நீங்கள் இல்லை.

பாஸ்போர்ட்டை உடனே திரும்ப வாங்குங்கள். சண்டை வேண்டாம். ‘உயர்தரத்துக்குப் பதியக் கேட்கிறார்கள்’ என்று பொய்க் காரணமும் சொல்ல வேண்டாம். ‘அண்ணே, தம்பியின் பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா சொல்கிறார்’ என்று நேரே சொல்லுங்கள். தராமல் இழுத்தால் எனக்கு அறிவியுங்கள், ஒரு கடிதம் போதும். கழகம் தந்த ஒப்பந்த நகலையும் அவர் பேப்பரையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பின்பக்கத்தில்தான் பெரும்பாலும் சங்கதி இருக்கும். அப்பாவுக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து, சம்பள ஞாயிற்றுக்கிழமைக்கு முன், ஹட்டனில் என் கந்தோருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடையில் லீவு எடுக்க முடியாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், நான் இருப்பேன்.